எட்டு மணிச் சொட்டு

1

கெடாரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. விழுப்புரத்தில் மூன்று மாடி லாட்ஜ். பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு ஏரிக்கு மதகு. குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரருக்கு மூலையே இல்லாத வட்ட வீடு. மூலமட்டம் வைத்தே பழகிய கொத்தனார்கள் நான்கு பேர் முடியாது என்று கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, ஒரு கடப்பாரையை நடுவில் நட்டு அதில் கயிறு கட்டிச் சுற்றி வந்து நான் கட்டிய வீடு அது. கடைசியாகத் திண்டிவனத்தில் ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம், நடுக்கூடத்தில் ஒரு தூண்கூட இல்லாமல். எஞ்சினியர் படம் போட்டுக் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. படத்தை எழுப்பி நிற்க வைத்தது நான்.

படித்தது மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்கினேன், பதினெட்டில் கரண்டி பிடித்தேன், முப்பதில் மேஸ்திரி. ஏழுமலை மேஸ்திரி போட்ட தளம் ஒழுகியது என்று சொல்ல விழுப்புரத்திலிருந்து மரக்காணம் வரை ஒரு ஆள் கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் குப்புசாமி. என்னிடம் சித்தாளாக வந்து சேர்ந்தவன், இன்றைக்குத் திண்டிவனத்தில் நம் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். போன வாரம் போனில் சொன்னான்.

"மேஸ்திரி, சங்கத்துக்கு இருவத்தஞ்சாவது வருசம். மலர் போடறோம். நீங்க கனடாவுல குந்திகினு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. கட்டுனதெல்லாம் லிஸ்ட் போட்டுட்டீங்கன்னா போதும், நம்ம ஆளுங்க படிப்பாங்க."

லிஸ்ட் மேலே இருக்கிறது. அதில் விட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் இனிமேல் எழுதப்போகிறேன். அது இங்கே வந்து நான் கட்டியது. மண்டபத்தைவிட அதற்குத்தான் எனக்கு அதிகம் வியர்த்தது. அது ஒரு சொட்டு மருந்து. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

2

என் மனைவி பச்சையம்மாளை உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். நான் கட்டின முக்கால்வாசிக் கட்டடத்துக்கு அவள்தான் சித்தாள். சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு இடது கண் பார்வை முழுக்கப் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு செத்துவிட்டது, இனி வராது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, அதையாவது காப்பாற்றுங்கள் என்று ஊரில் டாக்டர் சொன்னார். எட்மன்டன் என்ற ஊரில் வேலை செய்கிற எங்கள் மகள் கலை, இரண்டு பேரையும் நிரந்தரமாகவே இங்கே கூட்டிக்கொண்டாள்.

விசாவுக்குக் கைரேகை வைக்கப் போனபோதே முதல் மல்லுக்கட்டு. கண்ணாடி மேல் விரலை வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டது. துடைத்து வைத்தேன், எண்ணெய் தடவி வைத்தேன், நான்கு முறை வைத்தேன். விரலில் ரேகையே இல்லை என்றது. சுண்ணாம்பும் சிமெண்டும் ஐம்பது வருடம் தேய்த்த விரல் வேறு எப்படி இருக்கும்? ஊரில் பாதிச் சுவரில் என் ரேகைதான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் அதிகாரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கே கண் டாக்டர் இரண்டு பாட்டில் எழுதிக் கொடுத்தார். நீல மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. வலது கண்ணில் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு சொட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஒவ்வொரு சொட்டு. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆயுசு பரியந்தம் என்று கலை தமிழில் சொன்னாள். இந்த நோயில் வலியே வராது, தவறவிட்டால் உடம்பு சொல்லாது, ஒருநாள் திடீரென்று இருட்டிவிடும், அவ்வளவுதான் என்றும் சொன்னாள்.

முதலில் மருந்து விட்டது கலைதான். பிறகு அவளுக்கு வேலை நேரம் மாறியது. விடியற்காலை போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள்.

"ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்றேம்பா" என்றாள்.

"ஒரு சொட்டு ஊத்த நர்ஸா? ஆயிரம் பேர் குந்துற மண்டபத்துக்குத் தளம் போட்டவன்டி நானு."

அடுத்த நாள் காலை முதல் சொட்டு பச்சையம்மாளின் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மூன்றாவது காதுப் பக்கமாக ஓடிப் போயிற்று. பாட்டிலை அழுத்துகிறேனா இல்லையா என்று என் விரலுக்கே தெரியவில்லை.

"இன்னா மேஸ்திரி, சொவுத்துக்கு வெள்ளையடிக்கிறியா?" என்றாள் படுத்தபடியே. "அந்தக் காதுலயும் ரெண்டு சொட்டு உட்டுடு, நல்லா கேக்கட்டும்."

ஒரு வாரம் போராடினேன். பிறகு தொழிலைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். அவள் நெற்றி மேல் கையை ஊன்றிக்கொண்டேன், பூச்சு வேலையில் இடது கையைச் சுவரில் ஊன்றுவோமே அப்படி. பாட்டிலைத் தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கவிட்டேன். கண்ணுக்கு நான்கு விரற்கடை மேலே குனிந்தேன்.

அங்கே பார்த்ததைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம், அவள் கண் கருப்பு என்று நினைத்திருந்தேன். கருப்பே இல்லை. ஏரி வற்றும்போது கரையோரம் தெரிகிற ஈரக் களிமண் நிறம். நடுவிலிருந்து சுற்றிலும் நூல் பிடித்த மாதிரிக் கோடு கோடாக ஓடுகிறது. எந்தக் கொத்தனாரும் அவ்வளவு சுத்தமாக நூல் பிடித்ததில்லை, நான் உட்பட. ஜன்னல் திரையை விலக்கினால் நடுவில் இருக்கிற கருமணி தானாகச் சுருங்குகிறது, மூடினால் தானாக விரிகிறது. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"இன்னா, மருந்து உடுறியா, பொண்ணு பாக்குறியா?" என்றாள் அவள்.

பக்கத்திலேயே இடது கண் இருந்தது. அது வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. திண்டிவனம் மண்டபத்துக்குத் தளம் போட்ட அன்றைக்கு அவள் கலவைச் சட்டியோடு என்னிடம் வந்து, "இந்தப் பக்கம் பொகை மூட்டமா இருக்குதுய்யா" என்றாள். தளம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாது. "சிமெண்டுத் தூசி, மூஞ்சி கழுவிகினு வா, ஜல்தி" என்றேன். அவள் கழுவிக்கொண்டு வந்து மிச்சச் சட்டியைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

3

ஊற்றத் தெரிந்தது. தினமும் ஊற்றுவது வேறு சங்கதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊரில் நான் கடிகாரம் கட்டியதில்லை. பள்ளிவாசல் பாங்கு கேட்டால் எழுந்திருப்பேன். ரயில்வே கேட் மணி அடித்தால் குளியல். பள்ளிக்கூட மணிக்கு வேலை ஆரம்பம், மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தால் சாயந்தரம். ஒழுங்கான மனுஷன் என்று பெயர் வாங்கினேன். என் ஒழுங்கையெல்லாம் அடுத்தவர்கள் சத்தம் போட்டு நடத்தி வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி. தெருவில் லாரி போனாலும் ஊமைப்படம் மாதிரித்தான் போகிறது. கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு அமைதி, நாள் முழுக்க.

சூரியனாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அது இந்த ஊரில் யார் சொல்லையும் கேட்பதில்லை. கோடையில் ராத்திரி ஒன்பதரைக்கு நம் ஊர்ச் சாயந்தர வெயில் மாதிரி அடிக்கிறது. குளிர்காலத்தில் நான்கரைக்கு இருட்டி, பனி விழுந்து, வாசல் படியே காணாமல் போகிறது. காலையில் கதவைத் திறந்தால் எவனோ நமக்குத் தெரியாமல் ஊர் முழுக்க ஒரே பட்டையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன மாதிரி.

பேத்தி, கலையின் மகள், என் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். நான்கு வார்த்தைத் தமிழ் வைத்திருக்கிறாள், அதில் மூன்று சாப்பாட்டுப் பெயர். ஆனால் தாத்தா மேல் பிரியம். மருந்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை அலாரமாக வைத்துவிட்டாள். அது சொட்டச் சொட்ட நான் எழுந்துபோய்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். சமையலறை, குளியலறை, கீழ்த்தளத்தில் வெந்நீர் டாங்க். ஒழுகலைத் தேடிக்கொண்டு போகிற கட்டடக்காரனுக்கு வேறு எது நினைவிருக்கும்? திரும்பி வரும்போது சத்தம் நின்றிருக்கும். வீட்டில் எங்கும் ஒழுகல் இல்லை என்ற திருப்தியோடு உட்கார்ந்துவிடுவேன்.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பின்கட்டில் தொட்டியில் வெந்தயக் கீரை விதைத்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். ஐந்தரை இருக்கும் என்று நினைத்தேன். கலை காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். மணி ஒன்பதே கால். மருந்து விட்டாச்சா என்று கேட்டாள். விட்டாச்சு என்றேன்.

அப்படி அந்த வாரத்தில் மூன்று வேளை தவறிப்போயிற்று.

4

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நம் தொழிலில் இருப்பவன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான்.

தளம் போட்டால் மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். காலையில் ஒருத்தன் ஊற்ற மறந்துவிட்டால் சாயந்தரம் நான்கு குடம் கூடுதலாக ஊற்றுவோம். தளம் குடித்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமாகிக் கெட்ட தளம் எங்கும் கிடையாது. அதே கணக்கைக் கண்ணுக்கும் போட்டேன். தவறியது மூன்று வேளை, இன்றைக்கு ஒன்று, ஆக ஒவ்வொரு பாட்டிலிலும் நான்கு சொட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசையாக விட்டேன். பச்சையம்மாள், "இன்னா இன்னிக்கு மழ பெருசா பேயுது?" என்றாள். பேசாமல் படு என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் காபி போட எழுந்தாள். சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தாள். பிடித்தபடியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சாம்பலாகிவிட்டது. "நெஞ்சு இன்னாவோ அட்ச்சிகினே நின்னு நின்னு போவுதுய்யா" என்றாள். ஞாயிறு என்பதால் கலை வீட்டில் இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டினார்கள். எங்களுக்குப் பேச்சு புரியட்டும் என்று யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். சுகந்தி என்று பெயர், அங்கே நர்ஸ்.

"ஐயா, இண்டைக்குக் கண்ணுக்கு எத்தினை துளி விட்டனீங்கள்?"

என் வாயில் ஒன்று என்ற சொல் தயாராக இருந்தது. கலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். முன்பு ஒரு தடவை தூசி என்று சொன்ன வாய்தானே இது என்று தோன்றியது.

"நாலும்மா. ரெண்டு பாட்டில்லயும் நாலு நாலு. மூணு வேளை உட்டுப்போச்சு, ஈடு கட்டுனேன்."

கலை திரும்பிக்கொண்டாள். சுகந்தி திட்டவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இது கண்ணோட நிக்கிற மருந்தில்லை ஐயா. கண்ணின்ர மூலையில சின்ன ஓட்டை ஒண்டிருக்கு. அதால மூக்குக்குள்ள இறங்கி, ரத்தத்தில கலந்து, நெஞ்சுக்குப் போகும். கூட விட்டா நெஞ்சுத் துடிப்புக் குறைஞ்சிடும். விட்டுப்போன நேரம் போனதுதான். அதைத் திருப்பிப் பிடிக்கேலாது. அடுத்த நேரத்துக்கு ஒரு துளி, அவ்வளவுதான். விட்டிட்டு இந்த மூலையில விரலால ரெண்டு நிமிசம் அமத்திப் பிடிக்கவேணும்."

நான் வாய் பிளந்து கேட்டேன். எத்தனை கட்டடத்துக்குக் கழிவுக்குழாய் போட்டிருக்கிறேன், எத்தனை இடத்தில் சரிவு பிசகி உடைத்துப் போட்டிருக்கிறேன். படைத்தவன் ஒரு மனுஷி முகத்துக்குள் எள் அளவு ஓட்டை வைத்து, மூக்கு வரை சரிவு பிசகாமல் வடிகால் போட்டு வைத்திருக்கிறான். அது தெரியாமல் நான் குடம் குடமாக ஊற்றியிருக்கிறேன்.

மறுநாளே அவள் தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கலை இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "போதும்பா. நர்ஸம்மா வருவாங்க. இல்லன்னா நான் வேலைய உட்டுடறேன்."

பச்சையம்மாள்தான் பேசினாள்.

"நர்ஸம்மா ஒருநாள் வருவா, ஒருநாள் பனின்னு வரமாட்டா. உன் போனு கத்தும். கத்துற போனு எழுந்து வந்து ஊத்துமா? மேஸ்திரி இந்நேரத்துக்குப் பாடம் படிச்சிருப்பாரு. பாட்டில அவுரு கைல குடு. போவுறது என் கண்ணுதான?"

என் தொழிலில் எத்தனையோ பேர் என்னை நம்பிக் கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் தங்களுக்கு மிச்சமிருந்த ஒன்றே ஒன்றைக் கொடுத்ததில்லை.

5

சத்தம் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். சரி, சத்தத்தை ஊரிலிருந்தே வரவழைப்போம் என்று முடிவு செய்தேன். இங்கே ராத்திரி எட்டு என்றால் திண்டிவனத்தில் மறுநாள் காலை ஏழரை. மேம்பாலத்துக்குக் கீழே கொத்தனாரும் சித்தாளும் வேலைக்குக் கூடி நிற்கிற நேரம். குப்புசாமி தினமும் அங்கேதான் இருப்பான்.

"டேய், அங்க நின்னுகினு எனக்கு ஒரு போன் போடு. ஒண்ணும் பேச வேணாம். அந்த எரைச்சல் கேட்டா போதும்."

மறுநாளிலிருந்து எட்டுக்குப் போன் அடித்தது. எடுத்தால் பஸ் ஹாரன், டீக்கடைப் பாட்டு, "ரெண்டு பெரியாளு, ஒரு சித்தாளு, கெடாருக்கு" என்று எவனோ கூவுவது. நடுவில் குப்புசாமி: "மேஸ்திரி, ஊத்தியாச்சா?" நாளடைவில் கூட நிற்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சித்தாள் பெண்கள் போனைப் பிடுங்கி, "யக்கா, கண்ணத் தொற, மேஸ்திரி பாட்டிலோட நிக்கிறாரு!" என்பார்கள். பச்சையம்மாள் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், பேஜாரு. காலை எட்டுக்கு அங்கே ராத்திரி ஏழரை, வேலை முடிந்து டீக்கடையில் நிற்பான், அங்கிருந்து இன்னொரு போன். கோடை முழுக்க ஒரு வேளை தவறவில்லை.

மருந்துக்கடையில் மாதம் ஒருமுறை ஒரு பரீட்சை உண்டு. பாட்டில் கொடுக்கும் முன் நோயாளியின் பிறந்த தேதி சொல்ல வேண்டும். பச்சையம்மாளைக் கேட்டால் ஆடி மாசம், ஏரி உடைந்த வருஷம் என்பாள். பாஸ்போர்ட்டில் ஏஜெண்டு போட்ட தேதியை இங்கிலீஷில் நான் நெட்டுருப் போட்டுக்கொண்டேன். ஒருமுறை அவள் தேதிக்குப் பதில் என் தேதியைச் சொல்லிவிட்டேன். கடையில் நின்ற பிள்ளை சாரி என்று சொல்லிப் பாட்டிலை உள்ளே எடுத்து வைத்துவிட்டது. பனியில் நடந்து வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு நவம்பரில் இந்த ஊர்க்காரர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அரசாங்கமே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டது. இப்படியும் உண்டா? அன்றைக்கு ராத்திரி குப்புசாமியின் போன் ஏழு மணிக்கே வந்தது. இங்கே எட்டு ஆகும்போது அங்கே எட்டரை, மேம்பாலம் காலி, எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். "நாளைக்கு வேற வழி பாக்கலாம், வைடா" என்று வைத்துவிட்டேன். இன்றைக்குத் தவறிவிடக்கூடாது என்ற கவலையோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கலை வெளியே போயிருந்தாள். வெளியே பனி. எந்தச் சத்தமும் இல்லை.

பார்த்தால் நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். கையில் நீல மூடி கழற்றிய பாட்டில். பச்சையம்மாள் தலையணையில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள். எப்போது எழுந்தேன், எப்போது நடந்தேன் என்று தெரியாது. சுவரில் மணி எட்டு. யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மண்டபத்தில் தளத்துக்கு முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளைப் பிரித்த அன்றைக்கு, முட்டு எல்லாம் போயும் தளம் தானாக நிற்பதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேனே, அதற்குப் பிறகு அப்படிச் சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

6

போன மாதம் கண் டாக்டரிடம் போனோம். பேச்சு புரியட்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சுகந்தியும் வந்திருந்தாள். அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, வலது கண் நரம்பு அப்படியே நிற்கிறது என்றார். சொல்லிவிட்டு எழுந்து கலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொல்றாங்க?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

"மகள் நல்ல வடிவாப் பாத்திருக்கிறா எண்டு டொக்டர் சொல்லுறா ஐயா."

மேசையில் இருந்த காகிதத்தைக் காட்டினாள். பராமரிப்பவர் என்ற கட்டத்தில் கலையின் பெயர் அச்சாகியிருந்தது.

"அத அடிச்சிட்டு எம் பேர எழுதும்மா."

"அப்பா, அது வெறும் ஃபார்ம்ப்பா" என்றாள் கலை.

"எனக்கு வெறும் ஃபார்ம் இல்ல. எழுதச் சொல்லு."

பச்சையம்மாள் சிரித்தாள். "பேருன்னா இவுருக்குக் கொள்ள ஆச. யோவ், மண்டபத்துக் கல்லுல ஏழுமலைன்னு ஒருத்தர் பேருதான இருக்குது? நா செமந்த சட்டிக்கு எவன் பேர் வெச்சான்?"

கம்ப்யூட்டரில் மாற்ற நேரம் எடுக்கும் என்று சுகந்தி பேனாவால் அடித்துவிட்டு, தமிழிலேயே "ஏழுமலை" என்று எழுதினாள். அதன் நகல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஆகவே குப்புசாமி, மலரில் போட வேண்டியதை இப்போது சரியாகச் சொல்கிறேன், எழுதிக்கொள். மேலே இருக்கிற லிஸ்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் கொத்தனார் ஏழுமலை, சித்தாள் பச்சையம்மாள் என்று போடு. மண்டபத்துக் கல்லிலும் வெட்டச் சொல், இடம் இல்லை என்றால் என் பெயரைச் சின்னதாக்கு. போன் போட்டதற்கு உன் பெயரையும் மேம்பாலத்து ஆட்கள் பெயரையும் கடைசியில் போட்டுக்கொள்.

சொட்டு மருந்துக்கு மட்டும் என் பெயர் தனியாக வர வேண்டும். பச்சையம்மாளின் வலது கண்ணில் என் பங்கு இருக்கிறது. இடது கண்ணிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடு. ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் போடுவதானால் இந்தக் கட்டுரையே வேண்டாம், கிழித்துவிடு.